கண்ணுக்குள் இருந்த நூல்

நான் பார்ப்பது கண்ணால் செய்கிற வேலை. ஒரகடத்தில், கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்து பெயின்ட் அடித்துக் கொடுக்கும் கம்பெனி. காய்ந்து வருகிற சைடு மிரர் மூடிகளை டியூப்லைட் வரிசைக்குக் கீழே சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, நல்லது, கழிவு என்று பிரிக்க வேண்டும். பதினொரு வருடமாக இதுதான். தூசி, கீறல், வழிசல், பெயின்டுக்குள் மாட்டிக்கொண்ட நூலிழை. அந்த நூலிழையை நாங்கள் ஃபைபர் என்போம். கையுறையிலிருந்து பறந்துவந்து ஒட்டிக்கொள்ளும். தலைமுடியைவிடச் சன்னமாக இருக்கும். என் மேஜையைத் தாண்டி ஒரு ஃபைபர் போகாது என்று எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

போன ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, முதல் ஷிப்ட். ஒரு மணி நேரத்துக்குள் பதினான்கு மூடிகளைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டேன். எங்கள் லைன் சூப்பர்வைசர் மாரிச்செல்வி வந்து நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள்.

"என்னக்கா, இன்னைக்கு இவ்ளோ ரிஜெக்ட்டு?"

"ஃபைபர்மா. கறுப்பா நல்லா தெரிது பாரு."

அவள் ஒரு மூடியை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். திருப்பினாள். விரலால் தடவினாள்.

"எங்கக்கா? ஒண்ணுத்தையும் காணலையே."

நானும் பார்த்தேன். நூல் இருந்தது. அவள் மூடியை நகர்த்தினாள். நூல் அதோடு நகரவில்லை, நின்ற இடத்தில் நின்றது. தலையைத் திருப்பி வெள்ளைச் சுவரைப் பார்த்தேன். சுவரிலும் அதே நூல். மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

"லைட்டு பட்டு அப்டி தெரிஞ்சிது போல" என்றேன். அவள் அந்தப் பதினான்கையும் எடுத்து நல்ல பெட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

என் பேர் கலைச்செல்வி. வயது நாற்பத்து மூன்று. வடக்குப்பட்டில் வீடு. வீட்டுக்காரர் ஏழுமலை, இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மகள் நித்யா பிளஸ் டூ. எனக்குச் சர்க்கரை இருப்பது நாலு வருடம் முன்பு கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் தெரிந்தது. காலை ஒன்று, இரவு ஒன்று மாத்திரை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து லேபில் வெறும் வயிற்றில் ரத்தம் கொடுப்பேன். நூற்றுப் பத்து, நூற்றுப் பதினெட்டு என்று வரும். அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தால் ஏழுமலைக்கு முகம் மலர்ந்துவிடும். எங்கள் சொந்தத்தில் யாருக்குச் சர்க்கரை என்றாலும், "எங்கூட்ல பாரு, எப்டி கண்ட்ரோலா வெச்சிகினு கீறா" என்று ஆரம்பித்துவிடுவார்.

அந்த எண்களை நான் எப்படி வாங்கினேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். ரத்தம் கொடுப்பதற்கு மூன்று நாள் முன்பே சோற்றை நிறுத்திவிடுவேன். முந்தின இரவு ஒரு டம்ளர் மோரோடு படுத்துவிடுவேன். அந்த மூன்று நாள் மட்டும் மாத்திரையை ஒழுங்காகப் போடுவேன். மற்ற நாளில் ஷிப்ட் மாறும்போது மாத்திரையும் மாறிப்போகும், மறந்தும் போகும். கேன்டீனில் டீக்கு இரண்டு பன். சீட்டில் நல்ல எண் வந்ததும் நான் குணமாகிவிட்ட மாதிரியே எனக்குத் தோன்றும். இதை நோய் என்று நான் நினைத்ததே இல்லை. பரீட்சை என்றுதான் நினைத்தேன்.

நூல் தெரிந்த மறுநாள் நான் ஒரு தப்புச் செய்தேன். கழிவு அதிகமானால் கேள்வி வருமே என்று, நூல் தெரிந்ததை எல்லாம் கண்ணுக்குள் இருப்பதுதான் என்று எடுத்துக்கொண்டு நல்ல பெட்டியிலேயே போட்டேன். அதில் நிஜமான ஃபைபரும் இருந்திருக்கிறது. மூன்று நாள் கழித்து ஒரு தட்டு முழுக்கக் கார் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தது. ஸ்டிக்கரில் எங்கள் மேஜை எண். ஆள் பெயர் இருக்காது. அந்த மேஜையில் இரண்டு பேர், நானும் சங்கீதாவும். சங்கீதா கான்ட்ராக்ட்டில் வந்து ஆறு மாதமான பெண், செய்யாறுப் பக்கம் ஊர். ஒரகடத்தில் நாலு பெண்களோடு ஒரு ரூமில் இருந்தாள். பதினொரு வருடம் வேலை செய்தவளை யார் சந்தேகப்படுவார்கள்? நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லிவிட்டார்கள்.

ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறப் போனபோது என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அந்தத் தட்டு நான் பாக்கலக்கா. நீங்கதான பாத்தீங்க? ரவ நெனச்சிப் பாருங்கக்கா."

"தெர்லமா" என்றேன். "எல்லாத் தட்டும் ஒரே மாரிதான கீது."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நான் பஸ்ஸில் ஏறினேன். உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் வடக்குப்பட்டு வரை நின்றுகொண்டே வந்தேன்.

இரண்டு நாளில் ஒற்றை நூல் போய், வலது கண்ணில் புகை மாதிரி ஒன்று சுழல ஆரம்பித்தது. ஏழுமலையிடம், "ஒருவாட்டி பெரிய ஆஸ்பத்திரில ஃபுல் செக்கப் பண்ணிட்லாங்க" என்று மட்டும் சொன்னேன். கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. சங்கீதாவைப் பற்றியும் சொல்லவில்லை.

ஸ்ரீபெரும்புதூரில் அந்த மருத்துவமனைக்குக் காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். முதல்முறை போகிறவர்களுக்காகச் சொல்கிறேன். எட்டு மணி நேரமாவது ஒன்றும் சாப்பிடாமல் போக வேண்டும், தண்ணீர் குடிக்கலாம். முதலில் ரத்தம் எடுப்பார்கள். சிறுநீருக்கு ஒரு டப்பா தருவார்கள். பிறகு காலைச் சாப்பாடு, வழக்கமான மாத்திரையோடு. முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து சரியாக இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம். இதில் ஏமாற்ற எனக்கு நேரம் இருக்கவில்லை. முந்தின இரவு சாப்பாட்டை மட்டும் பழக்கதோஷத்தில் விட்டிருந்தேன்.

அந்த இரண்டு மணி நேரம் இருக்கிறதே, என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஏழுமலை பெஞ்சில் உட்கார்ந்து வாயைப் பிளந்து தூங்கினார். நான் மருந்துக்கடை வரை போனேன், திரும்பினேன். சுவரில் ஒட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் படித்தேன். எதைப் பார்த்தாலும் அதன்மேல் புகை வந்தது. சங்கீதா இந்நேரம் எந்தக் கம்பெனி வாசலில் நிற்பாளோ என்று நினைப்பு வந்தது. எழுந்தேன். மறுபடி நடந்தேன்.

"சொம்மா குந்துடி. எதுக்கு இப்டி பேஜாரா சுத்திகினு கீற?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

மதியம் டாக்டரம்மா கூப்பிட்டார். ஐம்பது வயது இருக்கும், நிதானமாகப் பேசுகிறவர். நாங்கள் உட்காருவதற்குள் ஏழுமலை ஆரம்பித்துவிட்டார். "மேடம், இவுளுக்கு எப்பவுமே நூத்திப் பத்து, நூத்தி இருவதுதான். சொம்மா ஒரு செக்கப்புக்கு இட்டாந்தேன்."

"வெறும் வயித்துல இன்னைக்கும் நூத்திப் பதினாறுதான்" என்றார் டாக்டர். "சாப்ட்டப்புறம் முந்நூத்தி நாலு. அதவிட இத பாருங்க. எச்.பி.ஏ.ஒன்.சி. பத்து புள்ளி நாலு."

அது என்ன என்று அவரே விளக்கினார். ரத்தத்தின் சிவப்பணுக்கள் மூன்று மாதம் போல உடம்பில் சுற்றும். சர்க்கரை அதிகம் இருந்தால் அவற்றின்மேல் படிந்துகொண்டே வரும். எவ்வளவு படிந்திருக்கிறது என்று பார்த்தால் மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும். பொதுவாக ஏழுக்குக் கீழே வைத்திருக்கச் சொல்வார்கள்.

"ஒரு ராத்திரி பட்டினி கிடந்தா வெறும் வயித்து நம்பரு கொறையும்மா. இது கொறையாது. மூணு மாசமா இன்னா நடந்துச்சுன்னு இதுக்குத் தெரியும்."

நான் தரையைப் பார்த்தேன். ஏழுமலை என்னைப் பார்த்தார். "லேப்ல எதுனா தப்பா கீதா மேடம்?" என்றார்.

"தப்பு இல்லீங்க" என்று நான்தான் சொன்னேன். மோர் குடித்துப் படுத்த ராத்திரிகளை, மறந்த மாத்திரைகளை, எல்லாவற்றையும் டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டேன். ஏழுமலை திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்தார், மூடியைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட மனுஷன்.

டாக்டர் என் செருப்பைக் கழற்றச் சொன்னார். கண்ணை மூடச் சொல்லி, மீன்பிடி நரம்பு போல ஒரு நைலான் இழையால் பாதத்தில் இங்கும் அங்கும் தொட்டார். தொடும்போது சொல்ல வேண்டும். "இப்போ. இப்போ." என்றேன். பிறகு ரொம்ப நேரம் தொடவே இல்லை.

"எப்ப மேடம் தொடுவீங்க?"

"நாலு எடத்துல தொட்டுட்டேன்" என்றார்.

என் கால், எனக்குத் தெரியவில்லை. சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்கிறவள், உள்ளே கல்லோ ஆணியோ இருந்தால்கூட எனக்குத் தெரியாது. தினம் ஷூவைத் தட்டிவிட்டுப் போடு, ராத்திரி பாதத்தைப் பார், விரலிடுக்கைப் பார் என்றார். சிறுநீரில் புரதம் கொஞ்சம் கசிகிறது, சிறுநீரகம் களைப்பைக் காட்டுகிறது, இப்போதே பிடித்தால் நிறுத்தி வைக்கலாம் என்றார். ரத்த அழுத்தம், இ.சி.ஜி. சரியாக இருந்தன. இரவில் போட இன்சுலின் ஊசி எழுதினார். கடைசியாகக் கேட்டார்.

"கண்ணு கடைசியா எப்ப காட்னீங்க?"

"காட்டல மேடம்."

"நாலு வருசமாவா? கண்ல எதுனா தெரியுதா?"

ஏழுமலை, "அவ வேலையே கண்ணு வேலதான் மேடம், அதெல்லாம் நல்லா..." என்று இழுத்தார். நான் குறுக்கே, "வலது கண்ல புகை சுத்துது. பத்து நாளா" என்றேன்.

ஏழுமலை பேனாவைப் பைக்குள் வைத்துவிட்டார்.

மறுநாளே காஞ்சிபுரத்தில் ஒரு கண் மருத்துவமனை. வாலாஜாபாத் வழியாக பஸ். கண்ணில் சொட்டு மருந்து விடுவார்கள், எரியும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மூன்று முறை விட்டார்கள். கண் பாப்பா விரிந்து உள்ளே பார்க்க வழி கிடைப்பதற்காக. அதற்குப் பிறகு நாலைந்து மணி நேரம் கிட்டத்தில் எழுத்துத் தெரியாது, வெளிச்சம் கூசும். துணைக்கு ஆள் இல்லாமல் போகாதீர்கள், வண்டி ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொன்ன அரை மணி நேரம்தான் எனக்குப் பெரிய தண்டனை. நடக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. மூடிய கண்ணுக்குள் சங்கீதா கையை எடுத்துக்கொண்டது வந்து வந்து போனது.

கண் டாக்டர் இளைஞர். பளீரென்ற விளக்கைக் கண்ணுக்குள் அடித்து, மேலே பாருங்க, கீழே பாருங்க என்றார். பிறகு படம் காட்டினார். கண்ணின் பின்சுவரில் விழித்திரை என்று ஒரு மெல்லிய சவ்வு. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சர்க்கரையால் கெட்டுப்போனால், உடம்பு அவசரத்துக்குப் புதுக் குழாய்களை முளைக்க வைக்குமாம். அவை நோஞ்சான் குழாய்கள், சட்டென்று உடைந்து கசியும். நான் பார்த்த நூல் என் கண்ணுக்குள் கசிந்த ரத்தம்.

"இன்னும் அஞ்சாறு மாசம் வுட்ருந்தா?" என்று ஏழுமலை கேட்டார்.

"வலது கண்ணு போயிருக்கலாம்" என்றார் அவர். "லேசர் பண்ணலாம். போன பார்வைய அது கொண்டுவராது. இருக்கறத காப்பாத்தும். மூணு தடவ, வாரத்துக்கு ஒண்ணு."

வெளியே வந்தபோது உச்சி வெயில். கண்ணைத் திறக்கவே முடியவில்லை. ஏழுமலை பையைத் துழாவி நித்யாவின் குடையை எடுத்தார், பூப்போட்ட ரோஸ் குடை. காலையில் அவள் கொடுத்து அனுப்பியிருக்கிறாள், எனக்குத் தெரியாது. பேருந்து நிலையத்தில் அத்தனை பேர் பார்க்க, யூனிஃபார்ம் சட்டையோடு அந்தக் குடையை என் தலைக்குப் பிடித்துக்கொண்டு நின்றார். என்மேல் கோபம் தீரவில்லை. குடையை மட்டும் வெயில் திரும்பத் திரும்பத் திருப்பினார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டு என்னை உள்பக்கம் உட்கார வைத்தார். அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அதனால்தானோ என்னவோ, சங்கீதா விஷயத்தைச் சொல்ல முடிந்தது. எல்லாம் கேட்டுக்கொண்டார்.

"இப்ப போய் சொன்னீனா உன் வேல இன்னா ஆவும்? கண்ணு தெரியாதவள இன்ஸ்பெக்ஷன்ல வெப்பானா?"

"அவ வேல போச்சே."

"லேசர் முடியட்டும் கலா. மூணும் முடியட்டும். அப்றம் பாத்துக்கலாம்."

சரி என்றேன். முதல் லேசர் அடுத்த வாரம் நடந்தது. மரத்துப்போக மருந்து விட்டு, கண்மேல் ஒரு கண்ணாடி வில்லையை வைத்து, பச்சை வெளிச்சத்தைப் பளிச் பளிச்சென்று அடித்தார்கள். சில அடிகள் வலிக்கவில்லை, சில அடிகள் மண்டைக்குள் குத்தின. தலையை ஆட்டாமல் இருங்க என்று நூறு முறை சொன்னார்கள். நான் நாற்காலிக் கைப்பிடியைப் பிடித்திருந்த பிடியில் நகம் உள்ளங்கையில் பதிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால், நித்யா ஜன்னலுக்கெல்லாம் போர்வையைக் கட்டி அறையை இருட்டாக்கி வைத்திருந்தாள். என் இன்சுலின் அளவைச் சாக்பீஸால் பீரோ கதவில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தாள். ஊசி போடுவதும் அவள்தான். முதல் தடவை போட்டபோது என்னைவிட அவள்தான் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரண்டாவது லேசர் வரை என்னால் பொறுக்க முடியவில்லை. சமைத்துக்கொண்டிருப்பேன், அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்குப் போவேன், எதற்குப் போனேன் என்று தெரியாது. நாலாவது நாள் காலை, லீவில் இருந்தவள், புடவை மாற்றிக்கொண்டு ஆட்டோவில் கம்பெனிக்குப் போய்விட்டேன். ஏழுமலையிடம் சொல்லவில்லை.

மாரிச்செல்வியைத் தனியாக அழைத்துச் சொன்னேன்.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லக்கா? அந்தப் புள்ள எங்கிட்ட வந்து எப்படி அழுதா தெரியுமா? நான்தான் அவள அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தேன்."

"இப்ப மாத்தி எழுதுமா. நான் கையெழுத்துப் போட்றேன்."

மேலே கூப்பிட்டார்கள். அதிகாரி முன்னால் நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். இன்ஸ்பெக்ஷனிலிருந்து எடுத்து, பேக்கிங்கில் போட்டார்கள். வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று போனவளுக்கு அது வரம். ஆனால் மேஜையைக் கடந்து பேக்கிங்குக்குப் போகும்போது, அந்த விளக்கு வரிசையைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டுதான் நடந்தேன்.

அன்றைக்கு ஏழுமலையிடம் சொன்னபோது, "சொல்லிட்டியா" என்றார். பிறகு, "சரி, துன்ன வா" என்றார்.

சங்கீதா எட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தாள். நான் போய் அவள் முன்னால் நின்றேன். மன்னிச்சிக்கோமா என்றேன்.

"ஒரு மாசமா ரூம்லயே குந்திகினு இருந்தேங்க்கா. எங்கம்மா டெய்லி போன் பண்ணும். ஷிப்ட்ல கீறேன்னு பொய் சொன்னேன்" என்றாள். அவ்வளவுதான். கேன்டீனில் எதிரே வந்தால் தலையசைப்பாள். என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. அதைக் கேட்க எனக்கு வாயும் இல்லை.

மூன்று லேசரும் முடிந்தன. புகை மெல்ல மெல்லப் படிந்து, இரண்டு மாதத்தில் பெரும்பாலும் விலகிவிட்டது. வலது கண்ணில் ஓரப் பார்வை கொஞ்சம் குறைவு, இருட்டில் தடுமாறுகிறேன். மற்றவர்களைப் போல வருடத்துக்கு ஒருமுறை என்றில்லாமல், எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண் பார்க்க வேண்டும். உங்களுக்குச் சர்க்கரை என்று தெரிந்த அன்றைக்கே ஒருமுறை கண்ணைக் காட்டிவிடுங்கள். கண் நன்றாகத் தெரியும்போதே காட்டுங்கள். தெரியாமல் போனபின் காட்டுவதற்குப் பெயர் செக்கப் இல்லை.

மூன்று மாதச் செக்கப்புக்கு மறுபடி ஸ்ரீபெரும்புதூர் போனோம். இந்தமுறை முந்தின இரவு எப்போதும் போல இரண்டு சப்பாத்தியும் கூட்டும் சாப்பிட்டேன். வெறும் வயிற்றில் நூற்று முப்பத்தொன்பது வந்தது. வாழ்க்கையில் நான் வாங்கிய உண்மையான முதல் எண். எச்.பி.ஏ.ஒன்.சி. ஏழு புள்ளி ஒன்பது. "இன்னும் கொறையணும், ஆனா சரியான வழியில போறீங்க" என்றார் டாக்டரம்மா. சீட்டை மடித்துக்கொண்டே நிமிர்ந்து, "சார் எப்ப டெஸ்ட் பண்ணீங்க?" என்று ஏழுமலையைக் கேட்டார்.

"எனக்கா? எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்றேன், மூட்ட தூக்கறேன், நாஷ்டா நாலு தோச துன்றேன். கல்லு மாரி கீறேன்."

டாக்டர் மேஜையிலிருந்த சின்னக் கருவியை எடுத்தார். விரலைக் கேட்டார். ஏழுமலை என்னைப் பார்த்தார், சிரித்தார், நீட்டினார். ஒரு சொட்டு. அஞ்சு நொடி.

இருநூற்று எண்பத்தேழு.

அவர் அந்தத் திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். எழுந்துவிட்டார். "ஷிப்ட்டுக்கு டைம் ஆச்சு மேடம். இன்னொரு நாளு வர்றேன். அடுத்த வாரம் பாக்கலாம் கலா, வா."

கதவு வரை போய்விட்டார். நான் பின்னாலேயே போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தேன். அவர் உதறவில்லை. நடையோரம் இருந்த பெஞ்சுக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். அவர் கால் ஆடிக்கொண்டே இருந்தது. முட்டியில் கையை வைத்து அழுத்தினேன். பிறகு கவுண்டருக்குப் போனேன்.

"இன்னொரு சீட்டு போடுமா" என்றேன். "பேரு ஏழுமலை. வயசு நாப்பத்தி எட்டு. எல்லா டெஸ்ட்டும் எழுது. மொதல்ல கண்ணு."